கலமும் கரையும்

தாராவியில் வாழ்வோருள் காலா கில்லாவை அறியாதார் இலர். வழி கேட்பார்க்கு அடையாளமாகவும், வீட்டு முகவரியின் ஒரு பகுதியாகவும் அப்பெயரை நாள்தோறும் சொல்லிப் பழகியிருக்கிறோம். எனினும் அது உண்மையிலேயே ஒரு கோட்டையின் பெயர் என்பதை நினைப்போர் நம்முள் சிலரே. மித்தி ஆற்றின் பக்கம், வீடுகளும் பணிமனைகளும் நெருங்கிய இடத்தில், கறுத்த கல்லும் மண்டிய செடியுமாக அக்கோட்டையின் எச்சம் நிற்கிறது. 1737-ஆம் ஆண்டில் பம்பாய் ஆளுநராயிருந்த ஜான் ஹார்ன் என்பாரின் ஆணையால் கட்டப்பட்டது என்று அதன் சுவரில் பதிந்த ஆங்கிலக் கல்வெட்டு கூறுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்கத்துச் சிறார் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். கல்வெட்டைப் படித்துப் பொருள் சொன்னதும் ஒரு சிறுமி கேட்டாள்: "இதை யாரைத் தடுக்கிறதுக்காகக் கட்டினாங்க?" ஆற்றுக்கு அப்பால் இருந்த சாஷ்டித் தீவு முதலில் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது, 1737-இல் மராத்தியர் அதனைக் கைப்பற்றலாயினர், அந்தப் பக்கத்திலிருந்து எவரும் பம்பாய்த் தீவுக்குள் வந்துவிடாதபடி ஆங்கிலேயர் காவல் வைத்தனர் என்று விளக்கினோம். சிறுமி சற்றே நின்றாள். "அப்போ இங்கேயே இருந்தவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

நம்மில் ஒருவருக்கும் உடனே விடை சொல்ல வாய் எழவில்லை. அவள் கேள்விக்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை.

வல்லரசுகள் தம் கடற்படையைப் பிறர் கடல்களுக்கு அனுப்புவதும், தொலைநாட்டுத் துறைமுகங்களில் தங்கிடம் தேடுவதும், அதற்காக நட்புடன்படிக்கைகள் செய்துகொள்வதும் இந்நாளில் நாளேட்டின் அன்றாடச் செய்திகளாகிவிட்டன. சீனம் 2017-இல் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சிபூத்தியில் தன் முதல் வெளிநாட்டுத் தளத்தைத் திறந்தது. அதே ஆண்டில் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது. 2021-இல் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்றும் அணுவாற்றல் நீர்மூழ்கிகளுக்காக ஓர் அணி அமைத்தன. நம் நாடும் 1992 முதல் அமெரிக்காவுடன் 'மலபார்' என்னும் கடற்பயிற்சியை நடத்தி வருகிறது. பின்னாளில் சப்பானும் ஆஸ்திரேலியாவும் அதில் சேர்ந்தன. இவற்றைப் படிக்கும்போது, எந்தக் கொடி நமக்கு வேண்டியது, எந்தக் கொடி வேண்டாதது என்று பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் நம் இயல்பாயிருக்கிறது. கொடியின் நிறத்தை ஒதுக்கிவிட்டு, கடலாட்சியின் நன்மை தீமையை அளக்கும் கோல் ஒன்று உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள்.

சீதனமாய்ச் சென்ற ஊர்

இவ்வாராய்ச்சிக்கு மும்பையைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. நாம் வாழும் இம்மாநகர் கடலாட்சியால் பிறந்தது, கடலாட்சியால் கைமாறியது.

1534-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், குசராத்து சுல்தான் பகதூர் சா வசாயையும் அதனைச் சார்ந்த தீவுகளையும் போர்ச்சுக்கீசியர்க்கு விட்டுக்கொடுத்தார். அவற்றுள் பம்பாயின் ஏழு தீவுகளும் அடங்கும். வடக்கே முகலாய வேந்தர் உமாயூன் நெருக்கிக்கொண்டிருந்தார்; அவரை எதிர்க்கத் துணை வேண்டியே சுல்தான் கடலில் வந்தவருடன் நட்புக் கொண்டார். மூன்றாண்டு செல்லுமுன், 1537-இல், தியூவின் கடலில் அதே போர்ச்சுக்கீசியருடன் நிகழ்ந்த சந்திப்பின்போது ஏற்பட்ட மோதலில் அவர் உயிரிழந்தார். நட்புக்கு ஈடாகக் கொடுத்த நிலமோ கொண்டவரிடமே நின்றது.

அதன்பின் 127 ஆண்டுகள் கழிந்தன. 1661-இல் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மணக்கும் உடன்படிக்கையில் பம்பாய் சீதனமாக எழுதப்பட்டது. சுபெயினின் பகைக்கு அஞ்சிய போர்ச்சுக்கல் ஆங்கிலக் கடற்படையின் துணையை நாடியது. அத்துணையின் விலையில் ஒரு பகுதி நம் ஊர். நகையும் பணமும் பெண்ணுடன் போவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கே மீனவர் குப்பங்களும் தென்னந்தோப்புகளும் கோயில்களும் அவற்றில் வாழ்ந்த மக்களும் பெண்ணுடன் போயினர். 1668-இல் அம்மன்னர் இத்தீவுகளை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் விட்டுவிட்டார். மாதுங்காவில் ஓர் அறை வாடகைக்குப் பிடிக்க அலைந்து திரிந்த நம்மவர்க்கு இவ்வாடகைக் கணக்கு கசப்பான சிரிப்பைத் தரலாம்.

1735-இல் இங்கே கப்பற்பட்டறை தொழிற்படத் தொடங்கிற்று. சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் லவ்ஜி நசர்வான்சி வாடியாவும் அவர் வழியினரும் தேக்கில் கட்டிய கப்பல்கள் உலகப் புகழ் பெற்றன. 1817-இல் இங்குக் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு 'டிரிங்கோமலி' என்று பெயரிட்டனர். அஃதாவது நம் திருக்கோணமலை. இன்றும் அது இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறையில் மிதந்து நிற்கிறது. 1813-இல் இங்கிருந்து நீரில் இறங்கிய 'கார்ன்வாலிஸ்' என்னும் கப்பலின் வரலாறு இன்னும் எண்ணத்தக்கது. 1842-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், அபினிப் போரில் தோற்ற சீனம் ஆங்காங்கு தீவை விட்டுக்கொடுக்கும் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அக்கப்பலின் மீதுதான். பம்பாயை வேற்றவர்க்கு அளித்த 1534-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலிலேயே முடிந்தது. கரையில் வாழ்வாரின் தலையெழுத்து இருமுறையும் கப்பலின் தட்டில் எழுதப்பட்டது. முதன்முறை எழுதப்பட்ட ஊர் நம்முடையது. மறுமுறை எழுதிய கப்பல் நம் ஊர்த் தச்சர் கட்டியது. தனக்கு நேர்ந்ததையே பிறர்க்கு நேர்விக்கும் கருவியாகவும் ஓர் ஊர் ஆகக்கூடும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுமோ?

நம் பெருமையும் நம் கணக்கும்

பிறர் செய்ததைப் பழித்து நிறுத்திவிடுதல் எளிது. ஆனால் நம் விழா மேடைகளில் நாம் முழங்கும் பெயர்களையும் அதே தட்டில் வைத்து நிறுத்தால்தான் ஆராய்ச்சி நேர்மையுடையதாகும்.

இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று நாம் பூரிக்கிறோம். ஏறத்தாழ 1025-இல் சோழர் கப்பற்படை வங்கக் கடலைக் கடந்து சிரீவிசயப் பேரரசின் துறைகள் பலவற்றைத் தாக்கியது. அம்மன்னன் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை வரிசைப்படுத்திக் கூறுகிறது. கலம் கட்டும் அறிவும், காற்றின் பருவம் அறிந்த மாலுமித் திறமும், பெரும்படையைக் கடல்மேல் நடத்தும் ஆற்றலும் நம் முன்னோர்க்கு இருந்தன என்பதில் ஐயமில்லை. அப்பெருமையை நாம் கைவிடவேண்டியதும் இல்லை.

ஆயினும் அதற்கு முன் நிகழ்ந்ததொன்றை மேடைகளில் நாம் மிகுதியாகச் சொல்வதில்லை. அதே சிரீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். இராசேந்திரனின் தந்தை இராசராசன், தான் சைவனாயிருந்தும், அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அச்செய்தி செப்பேட்டில் உள்ளது. கடல்கடந்த இரண்டு அரசுகளின் நட்புக்கு அதைவிட அழகிய அடையாளம் இல்லை. இருபது ஆண்டுகள் கழிந்தன. நட்பின் கலங்கள் சென்ற அதே கடல்வழியில் படைக்கலங்கள் சென்றன. எக்காரணத்தால் அப்படையெடுப்பு நிகழ்ந்தது என்பதில் வரலாற்றறிஞரிடையே பல கருத்துகள் உள்ளன. வாணிக வழியின் மேலாண்மை என்பர் பலர். காரணம் எதுவாயினும், கடாரத்துக் கரையில் அன்று மகனை இழந்த தாய்க்கு மெய்க்கீர்த்தி பாடியவர் எவரும் இலர். வென்றவன் கல்லில் எழுதினான். தோற்றவன் குடிக்கு எழுதக் கல்லும் இல்லை.

அப்படைக்குப் பின்னும் தமிழர் அக்கரைகளுக்குச் சென்றனர். சுமத்திராவின் பாரூசு பகுதியில் 1088-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் செயற்பாட்டைக் காட்டுகிறது. போர்க்கலம் திரும்பிவிட்டது. வணிகர் கலமோ வந்துகொண்டேயிருந்தது. அங்கே விற்பவனும் வாங்குபவனும் நாளும் ஒருவரையொருவர் கேட்டுத் தீரவேண்டியிருந்தது. விலை பொருந்தவில்லையெனில் கரையிலிருப்பவன் வேண்டா என்று சொல்ல முடிந்தது. சிறுமியின் கேள்விக்கு முதல் விடையின் சாயல் இங்கே தோன்றுகிறது.

நட்பு என்னும் போர்வை

வல்லரசுகள் தனித்து வருவதில்லை. பெரும்பாலும் எவரேனும் அழைத்தே வருகின்றன. அழைத்தவன் தன் இப்போதைய பகைவனை மட்டுமே காண்கிறான். வந்தவனின் பின்னாளைய பசியை அவன் காண்பதில்லை.

கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் 1638-இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்துகொண்டான். இலங்கைக் கரைகளிலிருந்து போர்ச்சுக்கீசியரை விரட்டுவதே நோக்கம். விரட்டுதல் நிகழ்ந்தது. 1656-இல் கொழும்பும் 1658-இல் யாழ்ப்பாணமும் போர்ச்சுக்கீசியர் கையை விட்டு நீங்கின. ஆனால் அவை கண்டியின் கைக்கு வரவில்லை, ஒல்லாந்தரே வைத்துக்கொண்டனர். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் பழமொழியாக வழங்குவர். இக்கணக்கில் யாழ்ப்பாணத்துத் தமிழ்க்குடிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இஞ்சியும் அவர்களுடையதன்று, மிளகாயின் எரிச்சல் மட்டும் அவர்களுக்கு வந்தது.

வள்ளுவப் பேராசான் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, தன் வலிமையோடு துணையாவாரின் வலிமையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். அத்துடன் நில்லாமல் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என நட்பின் குற்றங்களுக்கெனவே தனி அதிகாரங்களையும் வைத்தார். ஆராயாது கொண்ட நட்புக்குப் பின்னர் விடுதலை அரிது என்பது அவர் கருத்து. தனிமனிதர்க்குப் பொருந்தும் அவ்வெச்சரிக்கை நாடுகளுக்கு இன்னும் பன்மடங்கு பொருந்தும். மனிதன் தவறிய நட்பின் விலையைத் தானே கொடுக்கிறான். அரசன் தவறிய நட்பின் விலையைக் குடிகள் கொடுக்கின்றனர்.

வலிமையே வேண்டாவோ?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. கடலில் வலிமையே கூடாதெனின், வலியவன் எவனோ அவன் வந்து நம் வாயிலில் நிற்பான் அல்லனோ?

செம்பூரில் வாழும் நம் குடும்பங்கள் மாகுல் பக்கத்து எண்ணெய் ஆலைகளின் தீச்சுடரை இரவுதோறும் காண்கின்றன. 1950-களின் நடுவில் தோன்றிய அவ்வாலைகளுக்குக் கச்சா எண்ணெய் கடல்வழியே வருகிறது. வளைகுடாவின் குறுகிய நீர்வழியில் ஒரு கலவரம் எழுந்தால் நம் அடுப்பங்கரையில் அதன் வெப்பம் தெரியும். வளைகுடா நாடுகளில் பாடுபட்டுப் பணம் அனுப்பும் பிள்ளைகளின் பெற்றோரும் நம்மிடையே பலர் உளர். கடல் அமைதியாயிருத்தல் நமக்கு அரசியல் அன்று, அன்றாடச் சோறு.

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் கடற்படையின் 'கொல்கத்தா' என்னும் கப்பல், சோமாலியக் கொள்ளையரால் பறிக்கப்பட்டிருந்த 'ரூயென்' என்னும் சரக்குக் கப்பலை, நம் கரையிலிருந்து ஏறத்தாழ 2600 கிலோமீட்டருக்கு அப்பால் மறித்தது. நாற்பது மணி நேர முயற்சிக்குப் பின் அதன் மாலுமியர் 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். பிடிபட்ட 35 பேர் நம் மும்பைக்கே கொணரப்பட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டனர். மீட்கப்பட்டவர் பல்கேரியா, அங்கோலா, மியான்மர் நாட்டவர். இந்தியர் ஒருவரும் இலர். நமக்கு உறவில்லாதவனைக் காக்க நம் கலம் அத்தொலைவு சென்றது. இதனைக் குறை கூற எவர்க்கு மனம் வரும்?

1971-ஐ மூத்தோர் மறந்திரார். விளக்கணைத்து, சாளரக் கண்ணாடிகளில் கருந்தாள் ஒட்டி இருந்த டிசம்பர் இரவுகள் அவை. பம்பாயைத் தளமாகக் கொண்ட நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறையைத் தாக்கிய டிசம்பர் 4-ஆம் நாளே இன்றும் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அத்திங்களிலேயே அமெரிக்காவின் 'என்டர்பிரைசு' என்னும் மாபெரும் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் சோவியத்து ஒன்றியத்துடன் நம் நாடு செய்திருந்த உடன்படிக்கை அன்று நமக்கு ஊன்றுகோலாயிற்று. துணையின்றி நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பாரை நாம் வாயடைத்துவிட இயலாது.

ஆகவே வலிமை வேண்டும், நட்பும் வேண்டும். வேலியில்லாத பயிரை எந்த உழவனும் விட்டுவைக்கமாட்டான். நாம் கேட்பதெல்லாம், அவ்வேலி அடுத்தவன் வயலில் நடப்படும்போது அவனைக் கேட்டு நடப்படுகிறதா என்பதே.

இரண்டு கேள்விகள்

அவ்வாறாயின் அளவுகோல் யாது? சிறுமியின் ஒரு கேள்வியை நாம் இரண்டாக விரித்துக்கொள்ளலாம். வருமுன் கரையில் வாழ்வாரைக் கேட்டார்களா? போ என்று அவர் சொன்னால் போவார்களா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை சொல்லக்கூடிய கலம் விருந்தினன். இல்லையெனில், எந்தக் கொடி பறந்தாலும், எத்துணை இனிய பெயர் சூட்டப்பெற்றாலும், அது காலா கில்லாவின் சுவரே.

இந்தியப் பெருங்கடலின் நடுவே டீகோ கார்சியா என்றொரு தீவு. சாகோசுத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. 1965-இல் பிரிட்டன் அத்தீவுகளை மொரீசியசிலிருந்து பிரித்தது. 1966-இல் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்து, படைத்தளத்துக்காக அத்தீவை அளித்தது. அங்கே தென்னந்தோப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் 1968-க்கும் 1973-க்கும் இடையே முற்றாக அகற்றப்பட்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரும் அவர்தம் முன்னோர். கேட்டார்களா எனின், இல்லை. 2019-இல் அனைத்துலக நீதிமன்றம் பிரிட்டன் அத்தீவுகளின் ஆட்சியை விரைவில் விட்டு நீங்கவேண்டும் என்று கருத்துரைத்தது. 2025-ஆம் ஆண்டு மே 22-இல் பிரிட்டனும் மொரீசியசும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகளின் இறைமை மொரீசியசுக்கு. தளமுள்ள தீவோ 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பிரிட்டனுக்கு. அகற்றப்பட்ட மக்களுள் பலர், இம்முறையும் எங்களைக் கேட்கவில்லை என்றே குரலெழுப்பினர்.

அத்தீவில் நம் இனத்தாரின் கண்ணீரும் உண்டு. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில், கனடா செல்லும் நோக்குடன் ஒரு மீன்படகில் புறப்பட்ட இலங்கைத் தமிழர் பலர் நடுக்கடலில் படகு பழுதுற்றதால் அங்கே கரை சேர்க்கப்பட்டனர். படைத்தளத்தின் ஓரத்தில், வேலிக்குள், கூடாரங்களில் குழந்தைகளோடு மூன்றாண்டுகள் கழித்தனர். பின்னர் 2024 டிசம்பரில் அவர்களுட் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை அங்கே அடைத்து வைத்தது சட்டத்துக்கு மாறானது என அம்மாதமே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணின் மைந்தர் வாழக்கூடாதென்று வெறுமையாக்கிய தீவில், மண்ணிழந்த வேறொரு மக்கள் வந்து சிறைப்பட்டனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. பிலிப்பைன்சு நாட்டின் சூபிக் விரிகுடாவில் அமெரிக்காவின் பெருங்கடற்றளம் நெடுங்காலம் இருந்தது. 1991 செப்டம்பரில் அந்நாட்டு மேலவை, தளத்தை நீட்டிக்கும் உடன்படிக்கையை வாக்கெடுத்துத் தள்ளியது. 1992 நவம்பரில் அமெரிக்கக் கொடி அங்கிருந்து இறக்கப்பட்டது. பின்னாளில் வேறு உடன்படிக்கைகளின்படி அமெரிக்கப் படையினர் அந்நாட்டுக்கு வந்துபோகின்றனர் என்பது உண்மை. எனினும் சிறியவன் போ என்றான், பெரியவன் போனான் என்பது வரலாற்றில் பதிந்துவிட்டது. ஒரே வல்லரசு, இரண்டு கரைகள். வேறுபாடு கலத்தில் இல்லை. ஓரிடத்தில் மக்களுக்கு வாக்கு இருந்தது. மற்றோரிடத்தில் மக்களே இல்லாதபடி செய்யப்பட்டது.

நம் கொடிக்கும் அதே கோல்

இக்கோலை நம் நாட்டின் கலத்துக்கும் வைத்துப் பார்க்கத் துணிதல் வேண்டும். 1987 சூலை 29-இல் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனுடன் இணைந்த மடல்களில், இந்திய நலனுக்கு ஊறாகும் வகையில் திருக்கோணமலை முதலிய துறைமுகங்களை எந்நாட்டின் படைப்பயனுக்கும் விடலாகாது என்று எழுதிக்கொண்டனர். ஈழத் தமிழர் துயர் தீர்க்கவே அவ்வுடன்படிக்கை என நம்முட் பலர் நம்பினோம். துயர்தீர்க்கும் ஏட்டில் துறைமுகக் கணக்கும் இடம்பெற்றதை அப்போது நாம் உற்று நோக்கவில்லை. அமைதிப்படை சென்றது, போரில் சிக்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் மாண்டனர், எண்ணற்ற தமிழ்க்குடும்பங்கள் அல்லற்பட்டன. இலங்கை அரசு போகச் சொன்னபின், 1990 மார்ச்சில் இறுதிப் படையினர் திரும்பினர். இரண்டாம் கேள்விக்கு நம் நாடு ஆம் என்றது; அதனை மதிக்கிறோம். முதற் கேள்வி என்னாயிற்று? கொழும்பைக் கேட்டனர். யாழ்ப்பாணத்து வீதியில் நின்ற தாயைக் கேட்டாரா?

அண்மையில், 2024 பிப்ரவரி 29-இல், மொரீசியசுக்குரிய அகலேகா என்னும் சிறு தீவில் நம் நாடு கட்டித்தந்த விமான ஓடுதளமும் இறங்குதுறையும் திறக்கப்பட்டன. அது படைத்தளம் அன்று என இரு அரசுகளும் கூறியுள்ளன. நோயுற்றாரை விரைந்து கொண்டுசெல்லத் தீவினர்க்கு அது பயன்படும் என்பதும் உண்மை. ஆயினும் அங்கு வாழும் சில நூறு பேருள் சிலர், சாகோசு மக்களுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேருமோ என அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அடிப்படையற்றது என்று நாம் விரைந்து சொல்லிவிடலாகாது. பம்பாய்த் தீவினர் அறிந்த அச்சம் அது. அவர்கள் அஞ்சவேண்டியதில்லை என்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் நம் நாடு காட்டுமாயின், வல்லரசுகளின் வரிசையில் நாம் புதிதாய் ஒன்றைச் சேர்த்தவராவோம். காட்டத் தவறின், பழைய வரிசையில் மேலும் ஒரு பெயர் சேரும், அவ்வளவே.

கரையில் வந்து குடியேறிய நாம்

இறுதியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல். நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் இங்கு வந்த நம் முன்னோர் படையோடு வரவில்லை, பசியோடு வந்தனர். தோல் பதனிட்டனர், சுமை தூக்கினர், எழுத்தராயினர், பள்ளிகள் கண்டனர். 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின்போது, போ என்ற சொல்லை நாமே கேட்டோம். வாழுமிடத்தில் நம்மைக் கேளாது நம்மைப் பற்றி முடிவு செய்யப்படுவது எத்தகைய வேதனை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாராவியைப் பெயர்த்துப் புதிதாக எழுப்பும் திட்டங்கள் பேசப்படும் இந்நாளிலும், எங்களைக் கேட்டீர்களா என்பதே ஒவ்வொரு சந்திலும் எழும் கேள்வி.

ஆனால் அக்கேள்வியை நம்மை நோக்கி எழுப்பத் தகுதியுடையார் ஒருவர் உளர். தாராவி முதலில் கோலியரின் மீன்பிடி ஊர். ஓடை தூர்ந்தது, தோல் பட்டறைகள் எழுந்தன, குடிசைகள் பெருகின. கோலிவாடா இன்றும் நம் அண்டையில் இருக்கிறது. நாம் வந்தபோது அவர்களைக் கேட்டோமா? கேட்கும் நிலையில் நம் முன்னோர் இல்லை என்பது உண்மை. ஏழையின் வருகையையும் வல்லரசின் வருகையையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று. எனினும் வந்தபின்னராவது அவர் மொழி பயின்று, அவர் பண்டிகைக்குச் சென்று, அவர் துயர் கேட்டு வாழ்தல் நம் கடன். முன்னே கேளாத குறையைப் பின்னே கேட்டு ஓரளவேனும் தீர்க்கலாம். அரசுகளுக்கு நாம் விதிக்கும் அறத்தை நம் தெருவில் கடைப்பிடிக்காவிடில் நம் சொல்லுக்கு எடையேது?

டிசம்பர்த் திங்களில் கடற்படை நாளையொட்டி இந்திய வாயிலுக்கெதிரே போர்க்கப்பல்கள் விளக்கணி பூண்டு நிற்கும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். கலத்தின் திறத்தையும் மாலுமியரின் துணிவையும் எடுத்துச் சொல்வோம். கடாரத்தையும் சொல்வோம், ரூயென் கப்பலில் உயிர் மீண்ட பதினேழு பேரையும் சொல்வோம். திரும்பும் வழியில் தாராவியில் இறங்கி, காலா கில்லாவின் கறுத்த சுவரையும் ஒருமுறை காட்டுவோம். அச்சிறுமியின் கேள்வியை அவர்களும் கேட்கட்டும். வளர்ந்து எந்த நாட்டின் எந்தக் கலத்தில் பணிபுரிந்தாலும், எந்த அலுவலகத்தில் எந்த உடன்படிக்கையை எழுத நேர்ந்தாலும், கரையில் நிற்பவரைக் கேட்டோமா என்று ஒருகணம் நிற்கும் பழக்கம் அவர்களுக்கு வரட்டும். இச்சங்கம் தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத்தக்க செல்வம் அதுவே என எண்ணுகிறோம்.